அப்பா அள்ளின உப்பு

அந்தக் கவரை மடியில வச்சுக்காதீங்க தம்பி, கசியும். பேன்ட் காய்ஞ்சப்பறம் வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும். கீழ வச்சிடுங்க. அகஸ்தியம்பள்ளி உப்பளத்துல அள்ளினதுதானே? எல்லாரும் அள்ளுவாங்க. ஊர் பாக்க வர்றவங்களுக்கு அந்த உப்புச் சத்தியாகிரக ஸ்தூபி முன்னால ஒரு போட்டோ, அளத்துல ஒரு பிடி உப்பு. நான் தப்பு சொல்லலை. நான் சரித்திர வாத்தியார். வேதாரண்யத்துல முப்பத்திரெண்டு வருஷம் அதைத்தான் பாடமா நடத்தினேன்.

இந்த பஸ்ல திருத்துறைப்பூண்டி வரைக்குமா? நானும் அங்கதான். அப்ப சொல்லலாம். எங்க ஊர்ல யார்கிட்டயும் இதைச் சொல்ல முடியாது, எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சவங்க எல்லாரும் அவன் பக்கம். நீங்க வெளியூர். நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

அவன்னா கமாலுதீன். எங்க ஸ்கூல்ல வேதியியல் வாத்தியார். தோப்புத்துறை. எழுபத்தி நாலுல ஒரே நாள்ல ரெண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தோம். முப்பத்தோரு வருஷம் ஒரே மேஜை, ஒரே டிபன். அவன் வீட்டு நோன்புக் கஞ்சி என் வீட்டுல, என் வீட்டுப் பொங்கல் அவன் வீட்டுல. எங்க வீட்டம்மா மனோரஞ்சிதம் அவனை அண்ணேம்பா. அப்படி இருந்தவன்தான் ஊர் கூடின இடத்துல என்னைத் தலைகுனிய வச்சான்.

முதல்ல அப்பாவைச் சொல்லணும். அப்பா பேர் அய்யாக்கண்ணு. முப்பதாம் வருஷம் திருச்சியிலேர்ந்து நடையா உப்புக்கு வந்தாங்கல்ல, அப்ப அவருக்குப் பத்தொன்பது வயசு. புகையிலைக் கொல்லையில கூலி. நடையா வர்றவங்களுக்குச் சோறு தண்ணி குடுத்தா தண்டனைன்னு கலெக்டர் உத்தரவு. அந்தக் காலத்துல உப்புங்கறது சாதாரணமா தம்பி? வாசல் சதுப்புல வெயிலுக்குத் தானா பூத்துக் கிடக்கிற உப்பை ஒரு கை அள்ளினா குத்தம். அதுக்கும் முந்தி வடக்கே உப்பு கடத்தக்கூடாதுன்னு ஆயிரம் மைலுக்கு மேல முள்வேலி வளர்த்துக் காவல் போட்டிருந்தான் வெள்ளைக்காரன். இதை நான் சொல்லும்போது கிளாஸ்ல ஒருத்தன் மூச்சு விடமாட்டான்.

ஏப்ரல் கடைசியில சட்டத்தை மீறி உப்பு அள்ளினாங்க. அதுக்கப்பறம் நாளைக்கு ஒரு கூட்டம் அள்ளும், போலீஸ் அடிக்கும். அப்படி ஒருநாள் அப்பாவும் சதுப்புல இறங்கி ஒரு பிடி அள்ளிட்டார். லத்தியால கையில அடிச்சாங்க. விரலை மடக்கினவர் மடக்கினவர்தான். ரெண்டு விரல் உடைஞ்சும் பிடியைத் திறக்கலை. அப்படியே தன் காலால நடந்து வீட்டுக்கு வந்து, கையை விரிச்சு, மருந்துக் குப்பி ஒண்ணுல அந்த உப்பைப் போட்டு மூடினார். அவ்வளவுதான் அவர் செஞ்சது. ஜெயில்ல போட்டிருந்தா பேர் இருந்திருக்கும். அடிச்சு விரட்டினவங்களுக்கு ஏது ரெஜிஸ்டர்? எழுபத்தொன்பதுல செத்துப்போகற வரைக்கும் அவர் தியாகின்னு ஒருத்தர் சொன்னதில்லை. அவருக்குச் சாட்சி அந்தக் குப்பி ஒண்ணுதான்.

அப்பா அதோட அருமை தெரியாம அடுப்புக்கு மேல பரண்ல போட்டு வச்சிருந்தார். புகையில கருத்துப்போய்க் கிடந்தது. அவர் போனப்பறம் நான்தான் அதை எடுத்துத் துடைச்சு, கூடத்துல ஜன்னல் பக்கம் கண்ணாடிப் பெட்டி செஞ்சு வச்சேன். வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்னு. வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினஞ்சுக்கு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போவேன். முதல் பீரியட் நான் சரித்திரம் சொல்லுவேன், அடுத்த பீரியட் கமால் ரசாயனம் சொல்லுவான். அது எங்க ரெண்டு பேர் ஏற்பாடு.

நல்லா சொல்லுவான், அதை நான் மறுக்கமாட்டேன். சோடியம்னு ஒரு உலோகம், மண்ணெண்ணெய்க்குள்ள வச்சிருப்பாங்க, தண்ணியில போட்டா ஓடி ஓடிப் பத்திக்கும். குளோரின்னு ஒரு வாயு, சண்டையில ஆளைக் கொல்ல விட்டாங்க. இந்த ரெண்டு கொலைகாரங்களும் கல்யாணம் கட்டிக்கிட்டு சாதுவா உங்க ரசத்துல உக்காந்திருக்காங்க பாருன்னுவான். அப்பறம் அளத்தைச் சொல்லுவான். கடல் தண்ணி வத்த வத்த முதல்ல ஜிப்சம் படியும். அப்பறம்தான் உப்பு. கடைசியா மிஞ்சறது கசப்புத் தண்ணி, மெக்னீசியம் எல்லாம் அதுலதான் இருக்கும். அளத்துக்காரங்க அதை வடிச்சு விட்டுடுவாங்க. சதுப்புல கையால அள்ளினா அந்தக் கசப்பு உப்போடயே வந்துடும். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அதான் உப்பு கசியுது. உங்க கவர் கசியறதும் அதனாலதான்.

ஒருதரம் என்னைத் தனியா கூப்பிட்டு, வைரம், உங்க அப்பா உப்பு ஏதாவது ஒரு மழைக்காலத்துல தண்ணியாப் போயிடும், மெழுகு வச்சு அடைச்சு பழையபடி அடுப்புக்கிட்ட வைன்னான். என் பேர் வைரக்கண்ணு, அவன் வைரம்னு கூப்பிடுவான். எண்பதோ எண்பத்தொண்ணோ. நான் சிரிச்சேன். ஏன்னா அது தண்ணியா போகலை தம்பி. ஐப்பசி கார்த்திகையில ஊர்ல எந்த வீட்டு உப்பு ஜாடியைத் திறந்தாலும் சொதசொதன்னு இருக்கும். எங்க அப்பா குப்பியை ஆட்டினா கலகலன்னு சத்தம் வரும். கிளாஸ்ல ஆட்டிக் காட்டுவேன். சத்தியத்தோட உப்பு, அதான் கசியலைன்னு சொல்லுவேன். கமால் அப்ப ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான். பொறாமைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டாயிரத்தி அஞ்சுல அந்த உப்புப் போராட்டத்துக்கு எழுபத்தஞ்சு வருஷம் வந்தது. ஊர்ல விழாக் குழு போட்டாங்க. எங்க ஸ்கூல் வாசல்ல கல்வெட்டு வைக்கறது, உள்ளூர்க்காரங்க பேரைப் பொறிக்கறதுன்னு முடிவு. தலைவர் சபாபதின்னு பழைய வக்கீல். நான் அப்பா பேரைக் குடுத்தேன். அவர் மரியாதையாத்தான் கேட்டார், ஏதாவது ஆதாரம் இருக்கா சார்னு. குப்பி இருக்குன்னேன். உப்பு எந்த உப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு இழுத்தார். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. எங்க கமாலுதீனை விட்டே சோதிக்கச் சொல்லுங்க, கையால அள்ளின உப்புல அந்தக் கசப்பு இருக்கும், அவன் பொய் சொல்லமாட்டான்னு நானேதான் சொன்னேன். நானே சொன்னேன், கவனிங்க. அவ்வளவு நம்பிக்கை.

குப்பியைத் திறந்து ஒரு ஸ்பூன் அவன்கிட்ட குடுத்தேன். ரெண்டு நாள் அவனைக் காணலை. மூணாம் நாள் நான் அழைப்பிதழ் குடுக்கப் போயிருந்த நேரம் பாத்து வீட்டுக்கு வந்திருக்கான். ரஞ்சிதத்தோட ஒரு மணி நேரம் பேசியிருக்கான். பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அவகிட்ட கேட்டா, சும்மாதான் வந்தாங்கன்னுட்டு உள்ள போயிட்டா. கண்ணு சிவந்திருந்தது. வெங்காயம் அரிஞ்சிருப்பான்னு விட்டுட்டேன்.

மறுநாள் ஸ்கூல்ல என்னை லேபுக்குக் கூப்பிட்டான். குப்பியை விழாவுக்குக் கொண்டுவராத வைரம்னான். ஏன்னேன். காரணம் கேக்காத, உங்க அப்பா பேருக்கு வேற வழி இருக்கு, எங்க பெரியத்தா சொன்னது ஒண்ணு இருக்கு, அதை நான் எழுதித் தர்றேன்னான். பெரியத்தான்னா அவங்க பெரியப்பா. அந்தக் கதையை அவன் அதுக்கு முன்னாலயும் ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சிருக்கான். நான் காது குடுக்கறதில்லை. என் அப்பாவுக்கு அவங்க வீட்டு ஆளு என்ன சாட்சி? சரி, குப்பியையாவது ஒரு மணி நேரம் என்கிட்ட குடு, பத்திரமா திருப்பித் தர்றேன்னான். அங்கதான் எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. எதுக்கு ஒரு மணி நேரம்? உப்பை மாத்தப் பாக்கறான்.

அப்ப நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். உங்க தெருவுலேர்ந்து ஒரு பேர்கூட அந்தக் கல்லுல இல்லைன்னுதானே உனக்கு எரியுதுன்னேன். கோபத்துல எல்லாரும் சொல்றதுதான். அவன் டெஸ்ட் டியூபைக் கழுவிக் கழுவி ஸ்டாண்டுல கவுத்துக்கிட்டே இருந்தான். முப்பத்தோரு வருஷ சிநேகிதன் இதைப் போய்ப் பெருசா எடுத்துக்கலாமா? ஆனா எடுத்துக்கிட்டான். அதுக்குத்தான் மேடையில பழி வாங்கினான். நான் அப்படித்தான் நினைக்கறேன்.

அன்னியிலேர்ந்து குப்பியை பீரோவுல வச்சுப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். ரஞ்சிதம் ரெண்டு தடவை சாவி கேட்டா, புடவை எடுக்கணும்னு. நானே எடுத்துக் குடுத்தேன்.

விழா ஞாயித்துக்கிழமை காலையில, ஸ்கூல் மைதானத்துல. ரஞ்சிதம் தலைவலின்னு வரலை. பந்தல் நிறைய சனம். குப்பியைப் பட்டுத்துணி மேல வச்சு நானே மேடைக்குக் கொண்டு போனேன். சபாபதி மைக்குல அப்பா கதையைச் சொல்லிட்டு, கமாலுதீன் சார், இது முப்பதாம் வருஷத்து உப்புதானான்னு கேட்டார். கமால் எழுந்து, அப்படி என்னால சொல்ல முடியாதுங்கன்னான்.

அதோட விட்டிருக்கலாம். நான் விடலை. ஏன் முடியாதுன்னு கேட்டேன். அவன் மைக்கைக் கையால மூடிக்கிட்டு, வேண்டாம் வைரம்னான். செஞ்சு காட்டு, எல்லார் முன்னாலயும் செஞ்சு காட்டுன்னேன். கீழ சனம் எல்லாம் பாத்துக்கிட்டிருக்கு. செய்யவான்னு கேட்டான். செய்டான்னேன். மறுபடியும் செய்யவான்னு கேட்டான். மூணு தடவை கேட்டான் தம்பி. நான் மூணு தடவையும் செய்யின்னு சொன்னேன். என் மேல ஏதாவது தப்பு இருந்தா அப்படிச் சொல்லுவேனா?

பக்கத்துல சுகாதாரத் துறைக்காரங்க கண்காட்சி வச்சிருந்தாங்க. அதுலேர்ந்து உப்பைச் சோதிக்கிற அந்தச் சின்ன சொட்டுக் குப்பியை வாங்கிட்டு வரச் சொன்னான். வெள்ளைத் தட்டுல அப்பா உப்பைக் கொஞ்சம் கொட்டினான். ஒரு சொட்டு விட்டான்.

நீலமாச்சு.

நாவப்பழத்தைக் கசக்கின மாதிரி நீலம். உங்களுக்குப் புரியுதா தம்பி? அயோடின். கடையில விக்கிற பாக்கெட் உப்புல கழுத்துக் கழலை வராம இருக்க அயோடின் சேக்கறாங்க. அதுல அந்தச் சொட்டு விழுந்தா நீலமாகும். எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் அந்த நீலம் தெரியும், நர்சம்மா வீடு வீடா வந்து சமையலறை உப்புல விட்டுக் காட்டியிருக்காங்க. அவன் வாயைத் திறந்து விளக்க வேண்டிய அவசியமே இல்லை. முன் வரிசையில ஒரு அம்மா சிரிச்சாங்க. அப்பறம் பின்னால. அப்பறம் பந்தல் முழுக்க. அப்பவே பாக்கெட் உப்பு வந்துடுச்சான்னு எவனோ கேட்டான்.

நான் மேடையை விட்டு இறங்கி நடந்தேன். பின்னால கமால் மைக்குல ஏதோ சொல்லிக்கிட்டிருந்தான், யாரும் சிரிக்காதீங்க, இன்னொண்ணு இருக்கு, கொஞ்சம் பொறுங்கன்னு. என் காதுல ஏறலை.

வீட்டுக்கு வந்தா ரஞ்சிதம் கூடத்துல நின்னுக்கிட்டிருக்கா. என் முகத்தைப் பாத்ததும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் கேக்கறதுக்கு முன்னாலயே சொன்னா.

எண்பத்திநாலு கார்த்திகையில ஒருநாள் பெட்டியைத் துடைக்கறப்ப குப்பியில உப்பே இல்லையாம். சேத்துத் தண்ணி மாதிரி பாதிக் குப்பி நின்னுச்சாம். நான் ஸ்கூலுக்குப் போயிருந்தேன். அவ அந்தத் தண்ணியைத் தட்டுல ஊத்தி அடுப்போரமா மூணு நாள் வச்சுக் காய வச்சிருக்கா. ஒரு சிட்டிகைதான் தேறுச்சாம், பழுப்பா. அதைக் குங்குமச் சிமிழ்ல போட்டு, சுத்தி மெழுகு ஊத்தி, அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சிருக்கா. குப்பியில வீட்டுக் கல் உப்பைப் போட்டு, பாக்க ஒரே மாதிரி இருக்கணும்னு ஒரு துளி அடுப்புச் சாம்பலும் கலந்திருக்கா. அதுக்கப்பறம் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் பழசைக் கொட்டிட்டுப் புதுசு. வெயில்ல காய வச்சு, சாம்பல் கலந்து. இருபத்தோரு வருஷம். கடையில வர்ற உப்பு நடுவுல அயோடின் உப்பா மாறினது அவளுக்கு என்ன தெரியும்?

ஏன் என்கிட்ட சொல்லலைன்னேன்.

"வருஷா வருஷம் அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போவீங்களே. வெறுங்குப்பியை நான் எப்படி உங்க கையில குடுப்பேன்?" அப்படீன்னா.

பாருங்க. இருபத்தோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ ஒருத்தி என்னை ஏமாத்தியிருக்கா. என் கையில சமையல் உப்பைக் குடுத்து ஊர் முழுக்க ஆட்டிக் காட்ட வச்சிருக்கா. அது கமாலுக்கும் தெரியும். மூணாம் நாள் வந்து ஒரு மணி நேரம் பேசினது இதைத்தான். ரெண்டு பேரும் சேர்ந்து, எனக்குத் தெரியாம சிமிழ்ல இருக்கறதைக் குப்பியில கொட்டிடலாம்னு திட்டம் போட்டிருக்காங்க. அதுக்குத்தான் அவன் ஒரு மணி நேரம் கேட்டது, இவ சாவி கேட்டது. எனக்குத் தெரியாம. என் வீட்டுல.

அவ உள்ள போய் சிமிழைக் கொண்டுவந்து என் கையில வச்சா. இது மாமா அள்ளினது, இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கன்னா. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க தம்பி? இருபத்தோரு வருஷம் பொய் சொன்னவ இப்ப இது நிஜம்னு நீட்டினா எதை நம்பறது? நான் கிணத்தடிக்குப் போனேன். மெழுகை நகத்தால கிளறித் திறந்தேன். துவைக்கிற கல்லு மேல கொட்டினேன். ஒரு சொம்புத் தண்ணி மோந்து மேல ஊத்தினேன். அவ்வளவுதான். உப்புதானே, ஒரு வினாடி. ரஞ்சிதம் கொல்லை வாசல்ல நின்னு பாத்தா. முந்தானையை எடுத்து வாயில வச்சுக்கிட்டா.

அரை மணி இருக்கும். கமாலும் சபாபதியும் வேக வேகமா வந்தாங்க. கமால் கையில டெஸ்ட் டியூப், சின்னதா ரெண்டு குப்பி. சிமிழ் எங்க தங்கச்சின்னான். நிஜமான உப்பு அதுல இருக்கு, அதுல மெக்னீசியம் இருக்கறதைக் காட்டறேன்னு மைக்குல சொல்லி, சனத்தை உக்கார வச்சுட்டு வந்திருக்கான். ரஞ்சிதம் கிணத்தடியைக் காட்டினா.

கல்லு இன்னும் ஈரமா இருந்தது. அவன் அதுக்கு முன்னால அப்படியே குந்திட்டான். வெள்ளை வேட்டி சேத்துல படுது, பாக்கலை. கல்லுல ஒரு குழியில கொஞ்சம் தண்ணி நின்னுச்சு. அதை விரலால தொட்டு நாக்குல வச்சான். அப்பறம் என்னை நிமிர்ந்து பாத்து, "கசக்குதுடா வைரம்" அப்படீன்னான். சொல்லிட்டு அழுதான்.

எங்க கிணத்துத் தண்ணியே கொஞ்சம் கசப்புதான் தம்பி. கடலோரம்.

அழ வேண்டியவன் நான். என் வீட்டுக் கொல்லையில வந்து அவன் உக்காந்து அழறான், சபாபதி அவன் தோளைத் தட்டிக் குடுக்கறார். ஒருத்தரும் என் தோளைத் தட்டலை.

அதோட பேச்சு நின்னுபோச்சு. அவன் நாலஞ்சு தடவை வந்தான். நான் கதவைத் திறக்கலை. அடுத்த வருஷம் பாத்தா, கல்வெட்டுல அப்பா பேர் ஏறியிருக்கு. கடைசி வரி. அ. அய்யாக்கண்ணு. கமால் எழுதிக் குடுத்தானாம். அவங்க பெரியத்தா அன்னிக்கு மாட்டுவண்டியில வந்துக்கிட்டிருந்தாராம். சதுப்போரமா அப்பா நினைவில்லாம கிடந்தாராம். தோள்ல தூக்கி வண்டியில போட்டுக் கொண்டுபோய், அவங்க வீட்டுல வச்சு விரலுக்குக் கட்டுப் போட்டு, மூணு நாள் கஞ்சி குடுத்துத்தான் அனுப்பினாராம். மயக்கத்துலயும் பிடியை விடலைன்னு அந்தப் பெரியவர் சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாராம். அவங்க வீட்டுல ரெண்டு கிழவிங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க.

என் அப்பா தன் காலால நடந்து வந்தார் தம்பி. அவர் வாயால என்கிட்ட சொன்னார். தூக்கிட்டு வந்தாங்கன்னு எழுதிக் குடுத்து, அந்தத் தயவுல ஒரு கடைசி வரி. நான் இன்னிவரைக்கும் அந்தக் கல்லைப் போய்ப் பாக்கலை. அந்தப் பக்கம் போக வேண்டி வந்தா கீழத்தெரு வழியா சுத்திப் போவேன்.

வீட்டுல என்ன செஞ்சேன்னா, அன்னி மத்தியானத்துலேர்ந்து உப்பை விட்டுட்டேன். இனிமே உன் கையால உப்பு போட்டது எனக்கு வேண்டாம்னுட்டேன். குழம்பு, ரசம், பொரியல் எதுலயும் கிடையாது. அவளும் அப்படியே சமைச்சுப் போட்டா. முதல்ல வாந்தி வரும். ஆறு மாசத்துல பழகிடுச்சு. எனக்கு ரத்தக் கொதிப்பு இறங்கி உடம்பு இப்ப கல்லு மாதிரி இருக்கு. பத்து வருஷம் ஆகுது. அவ தனக்கு மட்டும் உப்பு போட்டுக்கிட்டாளா இல்லையான்னு நான் கவனிக்கலை. நான் ஏன் கவனிக்கணும்?

போன புதன்கிழமை நான் வாசகசாலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா வீடு திறந்து கிடக்கு. பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க, ரஞ்சிதம் அடுப்படியில விழுந்துட்டா, பேச்சு குழறுது, கமாலுதீன் சாருக்குப் போன் பண்ணோம், அவர் கார் வச்சு திருத்துறைப்பூண்டிக்குக் கொண்டு போயிட்டார்னு. அவனுக்குப் போன் பண்ணியிருக்காங்க. வாசகசாலை நாலு வீடு தள்ளி.

ஆஸ்பத்திரியில டாக்டர் சின்னப் பையன். ரத்தத்துல சோடியம் ரொம்பக் குறைஞ்சுபோச்சுங்கறார். இவங்க சாப்பிடற பிரஷர் மாத்திரை உப்பை வெளியேத்தும், அதோட சாப்பாட்டுலயும் உப்பு எடுக்கலையான்னு என்னைக் கேக்கறார். நான் சரியா தெரியலையேங்கறேன். பின்னால நின்னுக்கிட்டிருந்த கமால் சொல்றான், பத்து வருஷமா எடுக்கலை டாக்டர், வீட்டுல உப்பு ஜாடியே கிடையாதுன்னு. பாத்தீங்களா? என் சமையலறையில என்ன இருக்கு இல்லைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவ சொல்லித்தானே? அவருக்கு இல்லாத உப்பு எனக்கு எதுக்கு அண்ணேன்னு சொல்லியிருக்காளாம். அதை அந்த டாக்டர் முன்னால என்கிட்ட சொல்றான்.

மூளையில தண்ணி கோத்துக்கிட்டா ஆள் தெரியாதாம். உப்பு ஏத்தினா சரியாகும், ஆனா வேகமா ஏத்தக்கூடாது, சொட்டுச் சொட்டாத்தான்னாங்க. நேத்துதான் கண்ணைத் திறந்து நல்லா பாத்தா. அவனைப் பாத்து வாங்கண்ணேன்னா. அப்பறம் என் பக்கம் திரும்பினா. ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு, சார் யாருன்னு அவனைக் கேட்டா.

நாப்பத்தி ரெண்டு வருஷம் தம்பி. அவனைத் தெரியுது, என்னைத் தெரியலை. கமால் உடனே, நம்ம வைரம்தாம்மா, உன் வீட்டுக்காரர்னு சொன்னான். அவ சரின்னு தலையாட்டினா. தெரியாதவங்களுக்கு மரியாதைக்கு ஆட்டுவாங்களே, அந்த மாதிரி. நான் வெளிய வந்து மாடிப்படியில உக்காந்துட்டேன். அவன் வந்து ஒரு படி தள்ளிப் பக்கத்துல உக்காந்தான். செஞ்சதெல்லாம் அவங்க ரெண்டு பேரும். பட்டது நான். நீங்களே சொல்லுங்க.

சரி, அதை விடுங்க. பாலம் தாண்டிடுச்சு, இறங்கற இடம் வந்துடும். ஒரு உதவி செய்யணும். இந்தத் தூக்குல கஞ்சி இருக்கு. வாயால குடுக்கலாம், உப்பு போட்டுக் கொண்டு வாங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. காலையில கடை திறக்கறவரைக்கும் வாசல்ல நின்னு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து நானே வச்சேன். போட்டேன். போட்டுட்டு நாக்குல வச்சுப் பாத்தா எனக்குக் கரிக்குது. தண்ணி விட்டேன். மறுபடி வச்சுப் பாத்தா அப்பவும் கரிக்குது. பத்து வருஷம் ஆச்சா, என் நாக்கு எனக்கே நிஜம் சொல்லமாட்டேங்குது. சாதாரண மனுஷங்களுக்கு எவ்வளவு வேணும்னு தெரியலை.

கொஞ்சம் கையை நீட்டுங்க. சூடு இல்லை, பயப்படாதீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி, உப்பு போதுமா?